வல்லூறு வீட்டில் பாகப்பிரிவினை

கும்மிடிப்பூண்டிக்குப் போகிறேன் என்றதும் என் தங்கை சிரித்தாள். "அங்கே புகைபோக்கிகளைத் தவிர என்ன இருக்கிறது, அண்ணா?" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு மின்சார ரயிலேறினேன்.

சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வேப்பமரத்தில் ஒரே அமளி! அணில்களும் மைனாக்களும் அலறின. அண்ணாந்து பார்த்தேன். புறா அளவுள்ள ஒரு பறவை. சாம்பல் முதுகு, மார்பில் செங்காவிக் கோடுகள், சிவந்த கண். வல்லூறுதான், சந்தேகமில்லை. கண் சிவந்திருந்ததால் ஆண் என்று தெரிந்தது. பெண்ணுக்கு மஞ்சள் கண். உருவத்தில் பெரியவளும் அவள்தான், சகோதரிகளே!

இந்தப் பறவையின் குடும்பக் கதையைக் கேளுங்கள். 1788-இல் க்மெலின் என்ற ஜெர்மானிய அறிஞர் இதற்கு 'ஃபால்கோ பேடியஸ்' என்று பெயர் சூட்டினார். பின்னால் வந்தவர்கள் இதை 'அக்சிபிட்டர்' என்ற கூட்டுக் குடும்பத்தில் சேர்த்தார்கள். அதில் ஏறக்குறைய 50 இனங்கள்! எல்லாவற்றுக்கும் குட்டை இறக்கை, நீண்ட வால். மரங்களினூடே வளைந்து பாய்ந்து ஓணானையோ குருவியையோ பிடிக்க ஏற்ற உடம்பு. சாயலைப் பார்த்தே உறவு சொல்லிவிட்டார்கள்.

சாயல் ஏமாற்றும் என்பது நாம் அறியாததா? மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் குட்டு உடைந்தது. வயல்வெளியில் தாழப் பறக்கும் பூனைப்பருந்து, தூரத்து உறவு என்று ஒதுக்கப்பட்டிருந்தது அல்லவா? அது இந்தக் குடும்பத்துக்குள்ளேயே பிறந்த பிள்ளையாம்! 2024-இல் பாகப்பிரிவினை நடந்தது. நம் வல்லூறு 'டாக்கிஸ்பைசா' என்ற வீட்டுக்குக் குடிபோயிற்று. மேற்கு மலைக் காடுகளில் வாழும் கொண்டை வல்லூறுக்கு 'லோபோஸ்பைசா' என்று தனிக் குடித்தனம்.

இத்தனை நடந்தும் மரத்திலிருந்தவர் அலட்டிக்கொள்ளவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இலைகளுக்குள் மறைந்தார்.

பார்வையைத் தாழ்த்தினேன். அடிமரத்தில் வெள்ளைச் சாயத்தால் ஓர் எண்! "ரோட்டை அகலப்படுத்தப் போறாங்க, சார். எண் போட்ட மரமெல்லாம் போயிடும்" என்றார் டீக்கடைக்காரர்.

பெயர் மாறினால் வல்லூறுக்கு நஷ்டமில்லை. கூடு கட்ட மரமில்லாமற் போனால்? நாளைக்கு உங்கள் தெருவில் அணில்கள் அலறினால், அடுப்பைத் தணித்துவிட்டு ஒரு நிமிஷம் வெளியே வந்து பாருங்கள். பறவையைப் பார்த்த பின், மறவாமல் அடிமரத்தையும் பாருங்கள்.