கடல் கடந்த ஜெபம்

கிறிஸ்தவ ஆலயங்களிலே ஞாயிறுதோறும் ஏறெடுக்கப்படும் ஜெபங்களுள் ஒன்று பலராலும் கவனிக்கப்படாமலே கழிந்துவிடுவதுண்டு. நோயாளருக்காகவும், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகவும், மழைக்காகவும் மன்றாடி முடிந்த பின்னர், கடல் கடந்த நாடுகளில் ஊழியஞ் செய்யும் மிஷனரிமாரையும் அங்குள்ள சபைகளையும் நினைந்து போதகர் இரண்டொரு வாக்கியம் சொல்லுவார். நாடொன்றின் பெயர் வரும். பெரும்பாலும் அது சபையோரில் எவருங் கண்டிராத நாடாகவே இருக்கும். ‘ஆமென்’ என்று சொல்லி எல்லோரும் அமர்வர். அந்த இரண்டொரு வாக்கியத்தைப் பற்றியே நாம் எழுதப் புகுகின்றோம்.

முற்போக்கு ஏடொன்றில் ஜெபத்துக்கு என்ன இடமென்று நண்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். எமது பாடசாலை ஆசிரியர் அறையில் இப்பேச்சு எழுந்தபோது, தோழர் ஒருவர், “அது ஏகாதிபத்தியத்தின் வால், மாஸ்ரர்” என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தேநீரை அருந்தத் தொடங்கினார். பக்தியுள்ள இன்னொருவர், அது தூய அன்பு, அதற்கும் அரசியலுக்கும் தொடர்பில்லை என்றார். இருவர் கூற்றும் எமக்கு நிறைவளிக்கவில்லை. எந்தக் கருத்தையும் அது தோன்றிய சமுதாயத்தோடு வைத்துப் பார்த்தல் வேண்டும் என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நாம், ஜெபத்துக்கு மாத்திரம் விலக்களித்தல் எங்ஙனம்?

1784ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் நோர்தாம்ப்ரன் பகுதியைச் சேர்ந்த சிறிய பாப்ரிஸ்த சபைகள், ஜோன் சட்கிளிப் என்ற போதகரின் தூண்டுதலால், மாதந்தோறும் முதலாந் திங்கட்கிழமை மாலையிற் கூடி உலகெங்கும் சுவிசேஷம் பரவுமாறு ஜெபிப்பதென்று தீர்மானித்தன. எட்டாண்டு கழித்து, 1792இல், கெற்றரிங் என்ற ஊரில் அவர்களுட் சிலர் கூடி ஒரு மிஷன் சங்கத்தை அமைத்தனர். அன்று வாக்களிக்கப்பட்ட தொகை 13 பவுண் 2 சிலிங் 6 பென்ஸ். அவர்களுள் ஒருவரான வில்லியம் கேரி செருப்புத் தைத்துச் சீவித்தவர். தமது தொழிற்கூடத்துச் சுவரிலே உலக வரைபடமொன்றைத் தாமே ஆக்கித் தொங்கவிட்டிருந்தார். அதே ஆண்டில் அவர் வெளியிட்ட சிறு நூலிலே நாடுகளின் பரப்பும் மக்கட்டொகையும் அட்டவணை அட்டவணையாகத் தரப்பட்டுள்ளன. ஜெபிப்பதற்கு முன் கணக்கெடுத்த மனிதர் அவர்! அந்நூலில் எம்மைக் கவர்ந்த இடம் வேறொன்று. மேற்கிந்தியத் தீவுகளின் சீனி அடிமைகளின் உழைப்பால் விளைவது என்பதற்காகப் பல குடும்பங்கள் அதனை வாங்காது விட்டிருந்தன. அங்ஙனம் மிஞ்சும் காசை மிஷன் பணிக்குக் கொடுக்கலாமே என்று கேரி எழுதினார். முழங்காலில் நிற்பதும் சீனியைப் பகிஷ்கரிப்பதும் அந்தச் செருப்புத் தொழிலாளிக்கு ஒரே காரியத்தின் இரு பக்கங்களாகத் தோன்றின.

எல்லோருக்கும் அங்ஙனம் தோன்றவில்லை. சக்சனி நாட்டு ஹெர்ன்ஹூட் ஊரில் 1727இல் மொறாவிய சபையார் இரவு பகல் ஓயாது முறைவைத்து ஜெபிக்கும் வழக்கத்தைத் தொடங்கினர். நூறாண்டுக்கு மேலாக அது நடந்தது என்பர். அச்சபையார் 1732இல் சென் தோமஸ் தீவின் அடிமைகளிடையே ஊழியஞ் செய்ய ஆளனுப்பினர். சில ஆண்டுகளுக்குள் அந்த மிஷனே அத்தீவில் தோட்டமொன்றை வாங்கி, அதிலிருந்த அடிமைகளையும் உடைமையாக்கிக்கொண்டது. இருபத்துநான்கு மணி நேர ஜெபம் அதற்குத் தடையாக நிற்கவில்லை.

இனி எமது ஊருக்கு வருவோம். ஜெபிக்கப்பட்டவர்களின் பக்கம் நின்று இக்கதையைப் பார்க்கும் உரிமை யாழ்ப்பாணத்தவருக்கு உண்டு. 1806இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர், இடி மழைக்கு ஒதுங்கி ஒரு வைக்கோற்போரின் அருகே செய்த ஜெபத்திலிருந்து பிறந்தது அமெரிக்க மிஷன் சங்கம், அமைக்கப்பட்டது 1810இல். அதன் ஊழியர் 1816இல் யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இருப்புக்கொண்டனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிலில் பெண்கள் பாடசாலையும் எழுந்தன. இங்கிருந்து சென்ற கடிதங்கள் அங்கே அச்சேறி, மாதாந்த ஜெபக்கூட்டங்களில் வாசிக்கப்பட்டன. கடலையே கண்டிராத நியூ இங்கிலாந்துக் கமக்காரப் பெண்ணொருத்தி வட்டுக்கோட்டையின் பெயரைத் தன் நாவாற் பிழைபட உச்சரித்து எமது பாட்டன்மாருக்காக மன்றாடியிருப்பாள்.

அவள் மன்றாடிய மக்கள் யார்? இருளிற் கிடப்போர், விக்கிரகங்களுக்கு அஞ்சுவோர், எழுத்தறியாப் பெண்கள். பெண்கல்வி பற்றிய குற்றச்சாட்டிலே உண்மை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. சாதிக் கொடுமை பற்றியதிலும் அப்படியே. ஆனால் திருக்குறளும் கந்தபுராணப் படிப்பும் கிணற்றடித் தோட்டமும் உடைய ஒரு சமூகத்தின் முழு முகம் அக்கடிதங்களில் தெரிவதரிது. இருட்டை மாத்திரம் எழுதினாற்றானே காணிக்கைத் தட்டில் காசு விழும்! இத்தனைக்கும் செமினரியிற் கற்பித்தவர் அங்கு தமிழிலக்கியமும் கற்பித்தனர். எமது அறிவு மரபை அறியாதாரல்லர்.

தோழரின் ‘வால்’ என்ற தீர்ப்பும் இவ்விடத்தே சற்றுத் தடுமாறவே செய்கின்றது. 1820இல் அமெரிக்காவிலிருந்து வந்த அச்சுத் தொழிலாளர் ஒருவரை இலங்கையில் இருக்கவொட்டாது வெளியேற்றியது பிரித்தானிய ஆட்சியே; அதன்பின் 1833 வரை புதிய அமெரிக்க ஊழியர் வருவதற்கும் இடமளிக்கப்படவில்லை. வந்தவர்களோ பலர் இளமையிலேயே மாண்டனர். உடுவிற் பாடசாலையைத் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ 1833இல் இங்கேயே இறந்தார். டானியல் பூவரை 1855இல் மானிப்பாயில் வாந்திபேதி கொண்டுசென்றது. 1847இல் வந்த வைத்தியர் கிறீன், மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்து, உடற்கூறு முதலிய துறைகளில் நூல்களைத் தமிழாக்கஞ் செய்தார். தமிழருக்கு ஊழியஞ் செய்த வைத்தியர் என்ற குறிப்பே அவரது கல்லறையில் உள்ளது. எமது நாட்டிற் சுதேச பாஷையில் உயர்கல்வி முடியுமா என்று நூறாண்டு கழித்தும் விவாதித்துக்கொண்டிருந்தோரை எண்ணும்போது அம்மனிதரின் முன் தலை தாழ்கின்றது.

ஆயினும் ஒன்று எம்மை உறுத்துகின்றது. அக்காலத்து மாணவர் பெயர்களைப் பாருங்கள்: ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரவேற்பிள்ளை. அமெரிக்காவிலிருந்து ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பணமனுப்பியவர்கள் தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடுவிக்கும் வழக்கம் அன்று இருந்தது. பணமும் ஜெபமும் ஒரே உறையில் வந்தன. பெயரும் உடன் வந்தது. தான் யாருக்காக ஜெபிக்கிறாளோ அந்தப் பிள்ளையின் உண்மைப் பெயரைக் கற்றுக்கொள்வதற்குப் பதிலாக, தன் பெயரையோ தன் போதகர் பெயரையோ அவனுக்குச் சூட்டினாள் அந்தப் பெண். கொடுமையென்று இதனைச் சொல்லமாட்டோம். அந்தப் பெயர்களோடுதான் சதாசிவம்பிள்ளை 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்னும் புலவர் வரலாற்றைத் தந்தார்; சிதம்பரப்பிள்ளை தர்க்க நூல் செய்தார். ஆனால் பெயரிடும் அன்புக்கும் பெயர் கேட்கும் அன்புக்கும் இடையிலுள்ள தூரம், பொஸ்ரனுக்கும் வட்டுக்கோட்டைக்கும் இடையிலுள்ள தூரத்தினுங் குறைந்ததன்று.

எமது அம்மம்மா அந்த மிஷன் மரபிலே வளர்ந்தவர். உலைக்கு அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துச் சிறு பானையொன்றிற் போட்டுவைப்பார். பிடியரிசி என்பது அதன் பெயர். மாத முடிவில் அது ஆலயத்துக்குப் போகும். விற்ற காசு ஊழியத்துக்குச் சேரும். இதே வழக்கம் இந்தியாவின் மிசோ மலைகளிலே பெண்கள் நடுவே 1910ஆம் ஆண்டிலிருந்து நடந்துவருவதைப் பின்னர் நூல்களிற் படித்து வியந்தோம். பணம் கையாளும் உரிமையற்ற பெண்களின் கையில் இருந்தது அரிசி. அதனை அளந்தவர்கள் அவர்களே. உலகெங்கும் எழுந்த பெரிய மிஷன் கட்டடங்களின் அத்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தால் அடுப்படியின் கரி தட்டுப்படும்.

இரவில் அம்மம்மா நாடுகளின் பெயர்களைச் சொல்லி ஜெபிப்பார். நாம் பூமிசாத்திரத்தை முதலிற் கற்றது அவர் வாயிலிருந்துதான் என்று சொல்லலாம். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் தேதி வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊரை விட்டுத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது எமக்கு ஆறு வயது. சாவகச்சேரிப் பக்கத்துப் பாடசாலையொன்றின் வகுப்பறையில், ஐந்து குடும்பங்களின் நடுவே, வாங்குகளை அடுக்கி மறைத்த மூலையில் அம்மம்மா வழக்கம்போல முழங்காலில் நின்றார். அந்நாளில் அவர் பட்டியலில் ருவண்டா இருந்தது. முந்தைய ஆண்டின் படுகொலைச் செய்தி எமது ஆலயத்திலும் சொல்லப்பட்டிருந்தது. அங்குள்ள ஊழியருக்காகவும் வீடிழந்தோருக்காகவும் அவர் வாய்விட்டுக் கேட்டார். வாங்குக்கு அப்பாலிருந்து ஒரு பெண், “ஆச்சி, முதல் எங்களுக்குக் கேளுங்கோவன்” என்றாள். சிரிப்போ சினமோ தெரியாத குரல். அம்மம்மா, “எங்களுக்கு ஆரேன் அங்கையிருந்து கேப்பினம், பிள்ளை” என்று சொல்லிவிட்டு மீண்டும் கண்களை மூடிக்கொண்டார்.

அங்கிருந்து யாராயினும் கேட்டார்களா? நாமறியோம். ஆனால் அம்மறுமொழியிலே ஒரு முழு உலகப் பொருளாதாரம் இருக்கின்றது; எவரும் தமக்கென்று சேர்க்காது பிறருக்கென்று கேட்கும் பொருளாதாரம். நிவாரண அரிசியிலும் அவர் ஒரு பிடி எடுத்துவைக்கத் தவறவில்லை. கொடுத்தனுப்ப ஆலயம் இல்லாதபடியால், கைக்குழந்தையோடிருந்த அந்தப் பெண்ணின் பானைக்கே அது போயிற்று. அவள் சைவப் பெண். அதனை வாங்குவதற்கு அவளும், கொடுப்பதற்கு இவரும் எந்த மதத்தையும் விடவேண்டியிருக்கவில்லை.

ஜெபிக்கப்பட்டவரே ஜெபிப்பவராக மாறுவது பழைய கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே யாழ்ப்பாணக் கிறிஸ்தவ மாணவர், பாக்கு நீரிணைக்கு அப்பால் தொண்டியிலே தமது செலவில் ஊழியம் நடத்தினர். 1902இல் யாழ்ப்பாணம் வந்த திருநெல்வேலி இளைஞர் வி. எஸ். அசரியா அதனைக் கண்டு நாணி, மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்க முன்னின்றார். அச்சங்கத்தின் ஊழியர் தெலுங்கு மக்களிடையே தோர்ணக்கல்லுக்குச் சென்றனர். 1910இல் எடின்பரோவில் ஏறத்தாழ 1,200 பேர் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் ஆசியர் இருபது பேருக்கும் குறைவு. அங்கு அசரியா எழுந்து, வெள்ளை ஊழியரின் தியாகங்களை எல்லாம் ஒப்புக்கொண்டு, அவர்கள் தராதது நட்பு ஒன்றே என்று சபை கலங்கச் சொன்னார். சமமாக அமர்ந்து உண்ணாத அன்பை அவர் அன்பென்று ஏற்கவில்லை.

ஜெபம் தன் எல்லையைக் கடந்து நின்ற இடமொன்றையும் சொல்லவேண்டும். அது கொங்கோ. பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்ட் தன் சொந்தச் சொத்தாக ஆண்ட அந்நாட்டிலே, றப்பர்ப் பால் குறைந்தால் ஊரே தண்டிக்கப்பட்டது. அங்கு ஊழியஞ் செய்த அலிஸ் சீலி ஹரிஸ் என்ற ஆங்கிலப் பெண், 1904ஆம் ஆண்டு மே மாதத்தில், தன் சிறு மகளின் வெட்டுண்ட கையையும் காலையும் முன்னால் வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கும் ந்சாலா என்னும் தந்தையைப் படம் பிடித்தார். அந்தப் படமும் அதனையொத்த பிறவும் கண்ணாடித் தகடுகளாக்கப்பட்டு, இங்கிலாந்தின் ஆலயங்களிலே விளக்கொளியிற் காட்டப்பட்டன. வழக்கமான மிஷன் கூட்டம் போலவே பாட்டும் ஜெபமும் உண்டு. ஆனால் கூட்ட முடிவில் காணிக்கையோடு கண்டனத் தீர்மானமும் நிறைவேறிற்று. காட்டப்பட்டது ‘இருண்ட கண்டத்தின்’ இருளன்று. றப்பர் வாங்கிய ஐரோப்பாவின் இருள். 1908இல் லியோபோல்ட் கொங்கோவைக் கைவிட நேர்ந்தமைக்கு அந்தக் கூட்டங்களும் ஒரு காரணம். பெல்ஜிய அரசின் கைக்கே நாடு மாறிற்று. விடுதலை 1960 வரை வரவில்லை. ஊழியத்துக்கு இடையூறு வருமென்றஞ்சிப் பல ஆண்டு வாய்மூடியிருந்த மிஷன் தலைவர்களும் இருந்தனர். வாய்மூடி அவர்களும் ஜெபித்தே இருப்பர்.

சென்ற மாதம் எமது ஊர் வாலிபர் சங்கத்தார் தமது கூட்டத்துக்கு எம்மை அழைத்திருந்தனர். மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாடென அச்சிட்ட தாள் பிள்ளைகளின் கையில் இருந்தது. எம்மிடம் பத்தாம் வகுப்பிற் பயிலும் மாணவியொருத்தி அதனை மேலுங் கீழும் பார்த்துவிட்டு, “சேர், அந்தச் சனங்களின்ரை தாளிலை எங்கடை நாடும் இருக்குமோ?” என்று கேட்டாள். இருக்கலாம் என்றோம். “அப்ப எங்களுக்கு என்ன கேப்பினம்?”

பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினர். வைத்தியசாலையில் மருந்து. அண்ணனுக்கு வேலை. காணாமற்போன மாமாவைப் பற்றி ஒரு பதில். ஒருவன், கடலில் இழுவைப் படகுகள் வலையை அறுக்காதிருக்க வேண்டும் என்றான். அவன் தகப்பனார் மீன்பிடிப்பவர். இருட்டு என்று எவருஞ் சொல்லவில்லை. பின்னர் அந்த மாணவி, அன்றைய நாளுக்குரிய நாடான மொசாம்பிக்கை வரைபடத்திற் காட்டும்படி கேட்டாள். ஆலயத்தில் வரைபடம் இருக்கவில்லை. பாடசாலையிலிருந்து ஒன்றைக் கொண்டுவருவதாகவும், அங்குள்ள மீனவர் எதனைப் பிடிக்கின்றனர், என்ன விலைக்கு விற்கின்றனர் என்பதை அதற்குள் அவர்கள் தேடிப் படித்து வருவதெனவும் உடன்பட்டுக் கலைந்தோம்.