காலுக்குக் கீழே ரோடு தெரியுது!

வருசநாடு வரைக்கும் பஸ்லயே போயிடலாம் பாஸ். தேனியில் ஏறினா க.விலக்கு, கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைன்னு ஒவ்வொரு ஊரா நின்னு, மூல வைகையை எட்டிப் பார்க்கவிட்டு, பொறுமையா கொண்டுபோய் இறக்கிவிடும். கதை அதுக்கு மேலதான். அரசரடி, பொம்மராஜபுரம் மாதிரி மலைக் கிராமங்களுக்கு ஜீப்தான் பஸ், ஜீப்தான் லாரி. ராத்திரி யாருக்காவது வலி வந்துட்டா ஜீப்தான் ஆம்புலன்ஸ்.

என் ரூம்மேட்டோட மாமாகிட்ட அப்படி ஒரு பழைய ஜீப் இருக்கு. மேலே கான்வாஸ் கூரை, பக்கத்துல கதவே கிடையாது. 'ஓப்பன் டாப்ல மலை ஏறப் போறோம்டா'ன்னு ஹாஸ்டல் முழுக்க சீன் போட்டுட்டுக் கிளம்பினோம். போய்ப் பார்த்தா ஜீப் மலையில இல்லை, பட்டறையில நிக்குது!

நடந்தது இதுதான். முந்தின வாரம் ஒரு பாட்டி ஜீப்ல ஏறி, கைக்கம்பைத் தரையில ஊன்றியிருக்காங்க. கம்பு கால்மிதியோட சேர்த்து உள்ளே இறங்கி, கீழே பாறையில மாட்டி 'படக்'னு ஒடிஞ்சிடுச்சு. கம்பு போனது நல்லது. பாட்டியோட கால் போயிருந்தா?

கால்மிதியைத் தூக்கினோம். மண் தெரியுது! தகரம் அப்பளம் மாதிரி இத்துப் போயிருக்கு.

துருப்பிடிக்க இரும்புக்குத் தண்ணியும் காத்தும் சேர்ந்து வேணும்னு பத்தாவதுல படிச்சோமே, இங்கே ரெண்டும் ஓசி. கூரை கிழிசல் வழியா மழை, ஆத்துல இறங்கினா கீழேர்ந்து தண்ணி. தரையில இருக்கிற வடிகால் துளைகள் சேறு அடைச்சுக் கிடக்கு. மேலே வெயில் காய்ஞ்சாலும் கால்மிதிக்கு அடியில ஈரம் காயறதே இல்லை. தரைக்குக் கீழே பலத்துக்குன்னு வச்சிருக்கிற சேனல்கள்லயும் இதே கதைதான். இந்த வண்டிகளோட கொள்ளுத்தாத்தா, இரண்டாம் உலகப் போர் கால வில்லிஸ் ஜீப். அதுல அந்தச் சேனலுக்குள்ள மரக்கட்டையைத் திணிச்சு வச்சாங்க. மரம் தண்ணியை உறிஞ்சி வச்சுக்கிட்டு, தரையை உள்ளேர்ந்தே தின்னுச்சு. 1940-களின் கடைசியில மகிந்திரா மும்பையில வில்லிஸை அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் நம்ம மலைகளுக்கு ஜீப் சகஜமாச்சு.

இதுல ஒரு மோசமான சௌகரியம் என்னன்னா, ஜீப்புக்கு சேஸ் தனி, பாடி தனி. தரை இத்துப் போனாலும் வண்டி பாட்டுக்கு ஓடும். சீட் போல்ட்டும், பாடியை சேஸோட பிடிக்கிற போல்ட்டும் அதே தகரத்துலதான் நிக்குதுங்கிறது யாருக்கும் ஞாபகம் வராது.

மாமாவுக்கு அவசரம். இலவம்பஞ்சு சீசன் தொடங்க ரெண்டு வாரம்தான். "அண்ணே, மேலாக்க ஒரு தகரத்தை வச்சு ஒட்டிருங்க, சீசன் முடியட்டும், பார்த்துக்கலாம்"னார். டிங்கர் அண்ணன் பதிலே சொல்லலை. ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நல்லாத்தானே இருக்குன்னு நாங்க நினைச்ச இடத்துல குத்தினார். 'பொதுக்'. அங்கிட்டு ஒரு குத்து, இங்கிட்டு ஒரு குத்து. "இதுல எதோட ஒட்டச் சொல்ற? துருவுல வெல்டு பிடிக்காதுப்பா. மூடி வச்சா உள்ளுக்குள்ள திங்கும், அடுத்த தடவை கம்பு போகாது, ஆளு போகும்." மாமா கொஞ்ச நேரம் தள்ளிப் போய் நின்னார். அப்புறம் வந்து, "வெட்டுங்கண்ணே"ன்னார். பெயர் பெற்ற மெக்கானிக்கல் புரொபசர்கள் யாரும் எங்களுக்கு இப்படி வைவா எடுத்ததில்லை!

முதல்ல பேட்டரி வயர் கழண்டுச்சு. அடுத்து டேங்க். இந்த டைப் ஜீப்ல டிரைவர் சீட்டுக்கு அடியிலதான் டேங்க். "டீசல்தானேண்ணே, பத்திக்காதுல்ல?"ன்னு கேட்டேன். "சூடானா எல்லாம் பத்தும் தம்பி. நிறைஞ்ச டேங்கைவிட காலி டேங்குல நிக்கிற ஆவிதான் எமன்"னு தூரமா கொண்டுபோய் வச்சார்.

கூரை இல்லாத வண்டி, தரையையும் மொத்தமா வெட்டினா பாடி கோணிக்குமாம். அதனால குறுக்கே ரெண்டு இரும்பு ஆங்கிளைத் தற்காலிகமா பத்தவச்சிட்டு, ஒரு பக்கம் முடிச்சதும் அடுத்த பக்கம். நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டிட்டு, பழைய அட்டைப் பெட்டியில அளவு எடுத்தார். அதை 18 கேஜ் தகரத்துல வரைஞ்சு வெட்டி, தட்டி வளைச்சார். நண்பன் சும்மா இருக்காம, "ஜி.ஐ. ஷீட் போட்டா துருவே பிடிக்காதே?"ன்னான். "துத்தநாகம் எரியிற புகையை நீ குடிச்சுப் பாரு, ராத்திரியே குளிர்காய்ச்சல்!"

வெல்டிங்கை ஒரே இழுப்பா இழுக்கலை. இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டுன்னு ஆறவிட்டு ஆறவிட்டு வச்சார், சூட்டுல தகரம் நெளியக் கூடாதுன்னு. ரெட் ஆக்சைடு, இணைப்புல சீலர், அடியில தார் பூச்சு, வடிகால் துளைக்கு ரப்பர் மூடி. நாலு நாள் ஆச்சு. செலவை மாமா சொல்லலை, பஞ்சுக்காசு வந்ததும் தர்றதா பேச்சு.

நாங்க மலை ஏறலை. 2021-ல இந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் ஆயிடுச்சு, நினைச்ச நேரத்துல காட்டுக்குள்ள ஜாலி டிரிப் அடிக்க முடியாது. கடைசி நாள் ஜீப் வீட்டு வாசலுக்கு வந்தப்ப, பாட்டியும் வந்தாங்க. புதுக் கம்பால தரையை 'டங் டங்'னு நாலு இடத்துல தட்டிப் பார்த்துட்டு மாமாவை முறைச்சாங்க.

"தரை சரி. ஒடிஞ்ச கம்புக்குக் காசு யார்றா தருவா?"