குழாய் கேஸ் வந்த வீட்டில்

தம்பி, சென்னையில் நீ குடிபோன ஃபிளாட்டில் குழாய் கேஸ் வந்துவிட்டது, பழைய அடுப்பையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். வைத்துக்கொள்ளலாம், ஆனால் அப்படியே மாட்டிவிடாதே. நீ இன்ஜினியரிங் படித்தவன். நீயே ஸ்பேனரை எடுத்துவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம்.

சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். ஒரு கன மீட்டர் எரித்தால் சிலிண்டர் கேஸ் தரும் சூட்டில் பாதிகூட மீத்தேன் தராது. அழுத்தமும் குறைவு: சிலிண்டர் ரெகுலேட்டர் தருவது சுமார் 30 மில்லிபார், வீட்டுக் குழாயில் 21தான். அதனால் பர்னருக்கு அடியில் இருக்கும் பித்தளை ஜெட்டின் துளை பெரிதாக வேண்டும்.

'ஊசியை விட்டுக் குடைந்தால் போதும்' என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. அந்தத் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதிலிருந்து கேஸ் நேராகப் பாய்ந்தால்தான் போதிய காற்றை உள்ளே இழுக்கும். துளை கோணினால் காற்று குறையும், பர்னருக்குப் போக வேண்டிய கேஸ் அடியிலேயே கசியவும் கூடும். ஜெட்டை மாற்றுவது கேஸ் கம்பெனி ஆள் வேலை. கழற்றிய பழைய ஜெட்டுகளை மட்டும் கேட்டு வாங்கி, கவரில் போட்டு, மேலே எழுதி வை. நாளைக்குக் குழாய் இல்லாத ஊருக்கு மாற்றலாகிப் போய், பெரிய ஜெட்டோடு சிலிண்டரை மாட்டினால், தீ மஞ்சளாக எழும்பும், பாத்திரம் கரியாகும், அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும்.

வேலை முடிந்ததும் அந்த ஆளை உடனே அனுப்பிவிடாதே. தீ நீலமாக, பர்னரோடு ஒட்டி நிற்க வேண்டும். நுனி மஞ்சளானால் காற்று போதவில்லை. உஸ்ஸென்று பர்னரை விட்டு எழும்பினால் காற்று அதிகம். (சாதம் பொங்கி உப்புத் தண்ணீர் வழிந்தாலும் கொஞ்ச நேரம் மஞ்சள் தெரியும், அதற்குப் பதறாதே.) பிறகு குமிழை முழுத் தீயிலிருந்து சட்டென்று சிம்முக்குத் திருப்பிப் பார். அணைந்தால் சிம் ஸ்க்ரூவைச் சரிசெய்யச் சொல். நம் வீட்டு அடுப்புகளில் பெரும்பாலானவற்றில், தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் ஏற்பாடு கிடையாது. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது உன் வேலை. தீக்குச்சியைக் காட்டிச் சோதிக்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன்!

இன்னொன்று, இதை உன் அம்மாவுக்கும் சொல். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். குழாய் கேஸ் லேசு, கூரைக்கு ஏறும். சமையலறையில் மேலே இருக்கும் வென்டிலேட்டரை, கொசு வருகிறது என்று அட்டை வைத்து அடைத்திருக்கிறாயாம். முதலில் அதை எடு. வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதே, போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். மீட்டர் பக்கத்து வால்வை மூடு, ஜன்னலைத் திற, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, அங்கிருந்து கம்பெனியின் அவசர எண்ணுக்குப் போன் செய். அந்த எண்ணை இன்றைக்கே உன் போனில் பதிந்து வை.