பெயரும் எண்ணும்

பேசுவது எளிது, பேசுவதற்கு வழி செய்து வைப்பது எளிதன்று. முன்னதைச் செய்வோர் உலகில் எண்ணற்றவர். பின்னதைச் செய்வோரைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம். நம் சங்கச் செயலாளர் மலருக்குக் கட்டுரை கேட்டபோது, “நீர் பௌதிகம் படிப்பவர், விஞ்ஞானமாக ஏதேனும் எழுதும். ஆனால் மற்றவர்களும் படிக்கும்படி எழுதும்” என்று கட்டளையிட்டார். கட்டளையின் பிற்பகுதி கடினமானது. முயன்று பார்க்கிறேன்.

பத்தாயிரம் பேர் வேலை செய்யும் ஒரு பெரிய நிறுவனத்தை மனத்தில் கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு தொலைபேசி எண் உண்டு. அவர் இல்லாத நேரத்தில் அழைத்தவரின் குரலைப் பதிந்து வைக்கும் பெட்டி உண்டு. உடனுக்குடன் எழுதிக்கொள்ளும் வசதி உண்டு. முகம் பார்த்துக் கூட்டம் நடத்தும் வசதியும் உண்டு. முன்பு தனித்தனியாகக் கிடந்த இவை யாவும் இப்போது ஒரே கயிற்றில் கட்டப்பட்டுவிட்டன. இதற்கு ஒருங்கிணைந்த தொடர்புச் சேவை என்று பெயர். இந்தச் சேவையை நடத்தும் மென்பொருள் ஒன்று. அந்த மென்பொருளைக் கட்டி மேய்ப்பதற்கு இன்னொரு மென்பொருள் உண்டு. அந்த இரண்டாவதைச் செய்து விற்கும் நிறுவனங்கள் பல இருக்கின்றன என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். “மாட்டுக்கு மேய்ப்பன் உண்டு, மேய்ப்பனுக்கும் ஒரு மேய்ப்பனா?” என்றார் விடுதித் தோழர் ஒருவர். ஆம், உண்டு. ஏன் என்று சொல்கிறேன்.

குரலைக் கொண்டு சேர்ப்பதில் இன்று பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. நாம் ‘ஹலோ’ என்றதும் அந்த ஒலி நொடிக்கு 8,000 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 8 பிட். ஆக நொடிக்கு 64,000 பிட். இதை 20 மில்லி நொடித் துண்டுகளாக நறுக்கினால், 160 பைட் கொண்ட பொட்டலங்கள் நொடிக்கு 50 கிடைக்கும். பொட்டலங்கள் வழியில் காத்துக் கிடந்து தாறுமாறாக வந்து சேர்ந்தால் குரல் உடையும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் செல்லும் நேரம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக நடக்கும் என்பது உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைக் கடந்து வெகுவாக நீண்டால் இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்தி, பிறகு இருவரும் ‘நீங்கள் சொல்லுங்கள்’ என்பார்கள். இவற்றையெல்லாம் அளக்கவும் திருத்தவும் வழிகள் உண்டு. முதுகலை ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டதே பொட்டலங்களின் வரிசைக் கணக்குத்தான். கணக்கு அழகானது. ஆனால் மேய்ப்பனுக்கு வேலை வைப்பது அந்தக் கணக்கன்று.

மேய்ப்பனுக்கு வேலை வைப்பவர்கள் மனிதர்கள். திங்கட்கிழமை காலையில் ஒருவர் புதிதாகச் சேருகிறார். செவ்வாயன்று ஒருவர் மூன்றாம் மாடியிலிருந்து ஏழாம் மாடிக்குப் போகிறார். ஒருத்தி திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொள்கிறாள். வெள்ளியன்று ஒருவர் வேலையை விட்டே போய்விடுகிறார். இவை ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு இடங்களில் திருத்தம் செய்ய வேண்டும். ஓர் இடம் விட்டுப்போனால் போதும். வேலையை விட்டுப் போனவருடைய குரல் பெட்டியில் வாடிக்கையாளர் மாதக்கணக்கில் முறையிட்டுக்கொண்டிருப்பார். அந்த ஐந்தாறு இடங்களையும் ஒரே இடத்திலிருந்து திருத்துவது, எந்தக் கிளை அலுவலகத்தில் குரல் உடைகிறது என்று காட்டுவது, எவர் எந்த ஊருக்குப் பேசலாம் என்று வரையறுப்பது ஆகியவையே இத்தகைய மென்பொருளின் தொழில்.

எடுத்துக்காட்டாக ஒன்றைச் சொல்லலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2008-ஆம் ஆண்டு யூனிஃபை ஸ்கொயர் என்ற நிறுவனம் தோன்றியது. மைக்ரோசாஃப்டில் இத்தகைய தொடர்பு மென்பொருளை உருவாக்கியவர்கள் வெளியே வந்து தொடங்கியது அது. மைக்ரோசாஃப்டோ, பெயர் மாற்றுவதில் நம் ஊர் நகராட்சிகளையும் விஞ்சியது. 2003-இல் லைவ் கம்யூனிகேஷன்ஸ் சர்வர்; 2007-இல் ஆபீஸ் கம்யூனிகேஷன்ஸ் சர்வர்; 2010-இல் லிங்க்; 2015-இல் ஸ்கைப் ஃபார் பிசினஸ்; 2017-இல் டீம்ஸ். பெயர் மட்டுமா மாறியது? ஒவ்வொரு முறையும் வீடு மாற்றுவதைப்போல அத்தனை எண்களையும் அத்தனை பெயர்களையும் மூட்டை கட்டி மாற்றியாக வேண்டும். மூட்டை தூக்குவோருக்கு வேலை ஏன் குறையும்? யூனிஃபை ஸ்கொயர் வளர்ந்தது. 2021-ஆம் ஆண்டில் யூனிசிஸ் என்ற பழம்பெரும் கணினி நிறுவனம் அதை 15 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது.

இந்தத் தொகையைப் படித்த அன்று நான் நூலகத்தில் வெகுநேரம் வேறு ஒன்றும் படிக்கவில்லை. ஏனெனில் இந்த வேலையையே மாதச் சம்பளத்துக்குச் செய்த ஒருவரை நான் அறிவேன். அவர் என் தாயார்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மா 22 ஆண்டுகள் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறு அறை. ஒரு ஸ்விட்ச் போர்டு. தலையில் மாட்டும் கருவி ஒன்று. மேலே ஒரு மின்விசிறி, அது சுற்றினால் தாள்கள் பறக்கும் என்பதால் பெரும்பாலும் சுற்றாது. பள்ளி விட்டதும் நான் அங்கே போய் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எல்லோருக்கும் அவர் ‘ஆபரேட்டர் அக்கா’. அவருடைய பெயர் தெரிந்தவர்கள் அங்கே மிகச் சிலரே. அங்குள்ள அத்தனை பேரின் பெயரும் அவருக்குத் தெரியும்.

அம்மாவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. எக்ஸ்டென்ஷன் எண்களின் பட்டியல் அச்சடித்துக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கும். அதை அவர் பார்த்து நான் கண்டதில்லை. நோட்டில் இருந்தது வேறு. எலும்பு முறிவு டாக்டர் திங்கள் மாலை எங்கே இருப்பார். இரவு 2 மணிக்கு மயக்க மருந்து டாக்டரை எழுப்ப வேண்டுமானால் அவருடைய எண்ணுக்கு அடித்துப் பயனில்லை, அவர் மனைவியின் எண்ணுக்கு அடிக்க வேண்டும். ரத்த வங்கிப் பையன் மேசையில் இல்லையென்றால் எதிர்த் தேநீர்க் கடைக்காரரைக் கேட்க வேண்டும். இந்த நர்சுக்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் உடனே கொடு, குழந்தைக்கு உடம்பு சரியில்லை. இப்படிப் பக்கம் பக்கமாக. பென்சிலில் எழுதியிருப்பார். ஏன் பேனாவில் எழுதவில்லை என்று கேட்டேன். “மனுஷங்க மாறிக்கிட்டே இருப்பாங்கல்ல, தம்பி. அழிக்கணுமே” என்றார்.

இன்றைய மென்பொருளில் ஒருவர் பெயருக்கு அருகே ஒரு சிறு வட்டம் தெரியும். பச்சையானால் இருக்கிறார்; சிவப்பானால் வேலையாக இருக்கிறார்; மஞ்சளானால் இல்லை. கணினியை ஐந்து நிமிடம் தொடாமல் இருந்தால் பச்சை மஞ்சளாகிவிடும். தொடாமல் சிந்தித்துக்கொண்டிருப்பவரும் அதன் கணக்கில் இல்லாதவரே. அம்மாவின் பென்சில் இவ்வாறு ஏமாந்ததில்லை. அதே சமயம் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மாவால் முந்நூறு பேரை நினைவில் வைக்க முடிந்தது. பத்தாயிரம் பேரை எவராலும் முடியாது. அவர் விடுப்பில் போன நாட்களில் மருத்துவமனை தடுமாறியது. மென்பொருளுக்கு விடுப்பு இல்லை. புதிய ஏற்பாடு பயனற்றது என்று நான் வாதிட வரவில்லை.

ஆபரேட்டர் இல்லாமல் செய்துவிட வேண்டும் என்ற ஆசை புதிதுமன்று. தானியங்கித் தொலைபேசி இணைப்பகத்துக்கு 1891-இல் காப்புரிமை பெற்ற ஆல்மன் ஸ்ட்ரோஜர், அமெரிக்காவில் கான்சாஸ் நகரில் பிணத்தொழில் நடத்தியவர். ஊர் இணைப்பகத்தில் இருந்த பெண், அவருக்கு வரும் அழைப்புகளைப் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறாள் என்று சந்தேகப்பட்டு அந்தக் கருவியைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். அந்தப் பெண்ணின் தரப்பை எவரும் எழுதி வைக்கவில்லை. நாம் படிக்கும் இந்த உத்தரப் பிரதேசத்துக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. ஆபரேட்டரின் துணையின்றி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தாமே எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி இந்தியாவில் முதன்முதலாக வந்தது 1960-இல், கான்பூருக்கும் லக்னௌவுக்கும் இடையில்தான். காசியிலிருந்து லக்னௌவுக்கு ரயில் ஏறும் நண்பர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். ரயில் நிற்கும் இடங்களில் நினைப்பதற்கு நேரம் நிறையவே கிடைக்கும்.

2018-ஆம் ஆண்டு அம்மாவின் மருத்துவமனையிலும் மாற்றம் வந்தது. ‘தமிழுக்கு 1-ஐ அழுத்தவும்’ என்று ஓர் இனிய குரல் பேசத் தொடங்கியது. நிறுவ வந்த இளைஞர்கள் எண்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நோட்டை எவரும் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே நிர்வாகத்துக்குத் தெரியாது. அம்மாவைப் பில் போடும் மேசைக்கு மாற்றினார்கள்; இரவுப் பணிக்கான படி நின்றது. அப்போது நான் பதினோராம் வகுப்பு. அந்தப் படிதான் என் டியூஷன் கட்டணம் என்பது அது நின்ற மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஆறு மாதத்தில் அம்மா வேலையை விட்டார். வரும்போது நோட்டையும் கொண்டுவந்துவிட்டார்.

இங்கே வேறொரு செய்தியைக் கூற வேண்டும். 2013-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு விடுதி அறையில் ஒரு பெண் தாக்கப்பட்டார். ஒன்பது வயது மகள் பள்ளியில் கற்றபடி அவசர உதவிக்கு 911 என்று நான்கு முறை சுழற்றினாள். அழைப்பு போகவில்லை. அந்த விடுதித் தொலைபேசியில் வெளியே பேசுவதற்கு முதலில் இன்னொரு 9-ஐ அழுத்த வேண்டும். அது குழந்தைக்குத் தெரியாது. தாய் இறந்துபோனார். 2018-இல் கேரி சட்டம் என்று அப்பெண்ணின் பெயராலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2020 பிப்ரவரி 16-க்குப் பின் அமைக்கும் இத்தகைய தொலைபேசி அமைப்புகளில் முன்னெண் ஏதுமின்றியே 911 இணைய வேண்டும் என்பது அதன் முதற்கூறு. இரண்டாவது கூறுதான் என்னைத் தடுத்து நிறுத்தியது. அவ்வாறு ஒருவர் அழைத்தால் அதே சமயத்தில் கட்டடத்தின் முன்மேசைக்கோ பாதுகாப்பு அறைக்கோ செய்தி போக வேண்டும். அதாவது, எங்கோ ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிய வேண்டும். ஆளை நீக்கிவிட்டு, பிறகு சட்டம் போட்டு ஆளைத் தேடுகிறார்கள். தொடர்பு மேலாண்மை மென்பொருள்கள் இன்று எந்த எண் எந்த மாடியில் எந்த அறையில் இருக்கிறது என்று ஓயாமல் கணக்கெடுப்பதற்கு இத்தகைய சட்டங்களும் ஒரு காரணம்.

இவ்வளவையும் நான் வேலையற்றுப் போய்த் தேடிப் படிக்கவில்லை. வேலைக்காகவே படித்தேன். பெங்களூரில் ஒரு நிறுவனம், வெளிநாட்டு நிறுவனங்களின் தொடர்புச் சேவைகளை இங்கிருந்தே இரவில் மேற்பார்வை செய்கிறது. என் ஆய்வேட்டைப் பார்த்து நேர்முகத்துக்கு அழைத்தார்கள். ஒரு கேள்வி கேட்டார்கள்: “ஒரு மருத்துவமனையில் 3,000 எண்களைப் பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு மாற்ற வேண்டும். முதல் வேலையாக என்ன செய்வீர்கள்?” எனக்கு முன்னால் போனவர் பட்டியல், சோதனை, இரவில் மாற்றம் என்று முறையாகச் சொன்னாராம். நான், “ஆபரேட்டரிடம் போய் அவருடைய நோட்டைக் கேட்பேன்” என்றேன். மூவரில் இருவர் சிரித்தார்கள். ஒருவர் எழுதிக்கொண்டார். வேலை கிடைத்திருக்கிறது. இம்மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும். பேராசிரியர் ஆராய்ச்சிக்கு வரச் சொல்கிறார். வீட்டிலோ தங்கைக்கு இந்த ஆண்டு கல்லூரி.

அம்மாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எந்த நிறுவனத்தை ஒழிக்க வேண்டுமென்று பதினாறு வயதில் சபதம் செய்தேனோ, ஏறக்குறைய அதே தொழிலுக்கே போகப் போகிறேன் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அந்தக் கேள்வியிலே வர்ற ஆஸ்பத்திரியிலே ஆபரேட்டர் இருக்காங்களா? அதைக் கேட்டியா?” என்றார்.

“அது சும்மா கணக்குக்காகக் கேட்டதும்மா. அப்படி ஒரு ஆஸ்பத்திரியே கிடையாது” என்றேன்.

“கணக்கா இருந்தா என்ன? மாத்தினதுக்கு அப்புறம் அந்தப் பொண்ணை எங்கே உட்கார வைப்பாங்கன்னு கேட்கணும்ல?”

பதில் கடிதத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன். வேலையை ஏற்றுக்கொள்கிறேன் என்பது முதல் வரி. இரண்டாவது வரியில் அம்மாவின் கேள்வியை எழுதியிருக்கிறேன். அதை எடுத்துவிட்டு அனுப்பும்படி அறைத் தோழர்கள் இருவர் கூறுகிறார்கள். இருக்கட்டும் என்கிறார் ஒருவர். நோட்டை அனுப்பும்படி அம்மாவிடம் கேட்டிருந்தேன். நேற்றுக் கூரியரில் வந்தது. பென்சில் எழுத்து பல பக்கங்களில் மங்கிவிட்டது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் படிக்க முடிகிறது.