ரயிலேறி வந்த பைசன்கள்

ஓக்லஹோமா போகிறோம் என்று சொன்னால் டாலஸ் தமிழர்கள் நம்மைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். "அங்க என்ன சார் இருக்கு? காத்தும் கட்டாந்தரையும்தான்!" என்று தங்கை வீட்டுக்கு வந்திருந்த ஒருவர் கேட்டேவிட்டார். தங்கை கணவர் மட்டும் அசரவில்லை. "வந்து பாருங்க மச்சான், அப்புறம் பேசுவோம்" என்றார். கூடாரம், தூங்கும் பைகள், காஸ் அடுப்பு, புளிக்காய்ச்சல் பாட்டில், இட்லிப் பொடி எல்லாம் காரில் ஏறின. அக்டோபர் மாதம். வெயில் தணிந்து, காற்றில் லேசாகக் குளிர் தட்டத் தொடங்கியிருந்தது.

விச்சிட்டா ஃபால்ஸ் வரை வடமேற்கே போய், அங்கிருந்து செம்மண் கரைந்து ஓடும் ரெட் ரிவரைத் தாண்டி வடக்கே திரும்பினால் லாட்டன் என்ற ஊர். அதுவரை நிலம் மட்டமாகத்தான் கிடக்கிறது. திடீரென்று இடப்பக்கம் இளஞ்சிவப்புப் பாறைக் குவியல்கள் எழுந்து நிற்கின்றன. அவைதான் விச்சிட்டா மலைகள். உயரத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பெயர் பெற்ற மவுண்ட் ஸ்காட்டே 2,464 அடிதான், ஏற்காட்டில் பாதி. ஆனால் அந்தக் கிரானைட் உருவாகி ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. இமயமலைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு வயதுதான். மழையும் வெயிலும் விளிம்புகளைத் தின்று தின்று, மிச்சமிருப்பவை உருண்டைக் கற்கள்.

அந்தக் கற்கள்தான் இந்த இடத்தைக் காப்பாற்றின. சுற்றுவட்டாரம் முழுக்கக் கோதுமையும் பருத்தியும் போட உழுதுவிட்டார்கள். இங்கே மட்டும் ஏர் இறங்கவில்லை. அதனால் ஏர் படாத பழைய புல்வெளி அப்படியே தங்கிவிட்டது. அமெரிக்காவின் நடுப்பகுதியை ஒரு காலத்தில் மூடியிருந்த புல்லில் மிஞ்சிய ஒரு துண்டு, சுமார் 59,000 ஏக்கர், இன்று விச்சிட்டா மலைகள் வனவிலங்குப் புகலிடம்.

நுழைவாயில் என்று பிரமாதமாக ஒன்றும் இல்லை. சாலையின் குறுக்கே பள்ளம் தோண்டி, மேலே இரும்புக் கம்பிகளை இடைவெளி விட்டுப் பதித்திருக்கிறார்கள். சக்கரம் தடதடவென்று தாண்டிவிடும், குளம்பு தாண்டாது. அந்தக் கம்பிகளைத் தாண்டிய பிறகு நமக்கும் விலங்குகளுக்கும் நடுவில் வேலி கிடையாது. இரண்டு தரப்பும் ஒரே வேலிக்குள்.

முதல் பைசன், அதாவது அமெரிக்கக் காட்டு மாடு, சாலையோரத்திலேயே நின்றது. காரை நிறுத்தி, இறங்காமல், கண்ணாடியைப் பாதி இறக்கிப் பார்த்தோம். படங்களில் பார்த்ததற்கும் நேரில் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதன் தலைதான். உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலையே என்று தோன்றும். தோளில் திமில், திமிலிலிருந்து முன்னங்கால் வரை கருப்புச் சடை, அதில் ஒட்டாத புல்விதை இல்லை. பின்பாதி மட்டும் யாரோ மழித்துவிட்ட மாதிரி ஒல்லியாக இருக்கிறது. கருநீல நாக்கை நீட்டி மூக்குத் துவாரத்தைத் துழாவிக்கொண்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் முன்னால் இருந்த தூசி எழுந்து அடங்கியது. முழு வளர்ந்த காளை 900 கிலோ வரை போகும், ஓட ஆரம்பித்தால் மணிக்கு 55 கிலோமீட்டர் என்று மாப்பிள்ளை சொன்னார். சொல்லிவிட்டுத் தானே கண்ணாடியை ஏற்றினார்.

"மாமா, அது நம்மளப் பாக்குதா?" என்றான் மருமகன். பார்க்கவே இல்லை. அதுதான் கொஞ்சம் உறைத்தது.

டோரிஸ் முகாம் மைதானம் குவானா பார்க்கர் ஏரிக்கு அருகே, குட்டையான ஓக் மரங்களுக்கிடையில் இருக்கிறது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மேசை, நெருப்பு வளையம், கூடாரம் போடக் கொஞ்சம் சமதளம். பொதுக் குளியலறை உண்டு, வெந்நீர் வருகிறது. இதைவிட வசதி வேண்டுமென்பவர் லாட்டன் விடுதியில் படுத்துக்கொள்ளலாம். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர் ஒரு முதியவர். சைக்கிளில் வந்து இறங்கி, மிகப் பொறுமையாக விதிகளைச் சொன்னார். சாப்பாட்டை மேசையில் விடாதீர்கள், ரக்கூன் பெட்டி திறக்கும். பைசன் வந்தால் அதற்கு வழி, உங்களுக்கு இல்லை. லாங்ஹார்ன் மாடுகள் வந்தாலும் அப்படியே. நீளக்கொம்புள்ள அந்த மாடுகள் 1927இல் இங்கே கொண்டுவரப்பட்டவை. பண்ணைக் கலப்பினங்கள் பெருகியதால் இனமே அற்றுப்போகும் நிலையில், தேடித் தேடிப் பிடித்துவந்து காப்பாற்றியிருக்கிறார்கள்.

சாயங்காலம் புல்வெளி நாய்களைப் பார்க்கப் போனோம். பெயரில்தான் நாய், குலத்தில் அணில். தரைக்கடியில் வளை தோண்டி ஊராகக் குடியிருக்கும். ஒவ்வொரு வளை வாயிலிலும் ஒரு மண்மேடு, ஒவ்வொரு மேட்டிலும் நிமிர்ந்து உட்கார்ந்த காவலாளி. பருந்து நிழல் விழுந்ததும் ஒன்று கீச்சிடும், அத்தனையும் காணாமல் போகும். ஆபத்து நீங்கியதும் ஒன்று முன்னங்கால்களை வானத்துக்கு வீசி, தலையைப் பின்னால் எறிந்து, எம்பிக் கத்தியது. உடனே பக்கத்தில் ஒன்று, அதற்கப்பால் ஒன்று என்று வெளி முழுக்க அலை போனது. சில எம்பிய வேகத்தில் பின்பக்கமாக விழவும் விழுந்தன. மருமகன் அன்று முழுவதும் அப்படியே எம்பிக் கத்திக்கொண்டிருந்தான்.

இரவில்தான் இந்த இடம் தன் சுபாவத்தைக் காட்டுகிறது. புளிச்சாதம் சாப்பிட்டு, மிச்சத்தைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டுப் படுத்தோம். சற்று நேரத்தில் தெற்கே வானம் முழங்கியது. மழை என்று எழுந்து பார்த்தால் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிறது. பக்கத்து ஃபோர்ட் சில் ராணுவத் தளத்தில் பீரங்கிப் பயிற்சி. 1869இல் கயோவா, கமாஞ்சிப் பழங்குடி மக்களை அடக்கவென்று கட்டிய கோட்டை, இன்று அமெரிக்கத் தரைப்படையின் பீரங்கிப் பள்ளி. குண்டு வெடிக்கும்போது முதுகுக்குக் கீழே நிலம் மெல்ல அதிர்ந்தது. புகலிடத்தின் வாசலிலேயே பீரங்கி. விலங்குகளுக்கு இது பழகிப்போயிருக்கிறது, எனக்குத்தான் பழகவில்லை.

பீரங்கி ஓய்ந்த பிறகு எல்க் மான். இலையுதிர்காலம் அவற்றுக்கு இணைசேரும் பருவம். ஆண் எல்க்கின் குரலை முதன்முறை கேட்பவர் அதை மானென்று நம்ப மாட்டார். அத்தனை பெரிய உடம்பிலிருந்து, எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம் சுழல்கிற மாதிரி ஒரு நீண்ட கீச்சொலி கிளம்பி, உச்சத்துக்குப் போய் உடைகிறது. எதிர்க்கரையிலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது. இவையும் இந்த மண்ணின் பழைய குடிகள் அல்ல. இங்கிருந்த எல்க் இனத்தை வேட்டையாடி முடித்துவிட்டு, 1911 வாக்கில் வயோமிங்கிலிருந்து வேறு எல்க்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள்.

நள்ளிரவில் கூடாரத்துக்குப் பின்னால் சருகு நொறுங்கியது. அடி, அடி, பிறகு உறுமல் போல ஒரு செருமல். "அண்ணே, கேக்குதா?" என்று பக்கத்துக் கூடாரத்திலிருந்து தங்கை கிசுகிசுத்தாள். கரடியே இறங்கிவிட்டது என்கிற மாதிரிச் சத்தம். டார்ச் அடித்தால், ஒரு பூனை உயரத்துக்கு ஓட்டுக் கவசம் போட்ட ஆர்மடில்லோ. நம் ஊர் அழுங்குக்கு உறவு என்று தோன்றும், உறவே இல்லை. கண் மந்தம். வெளிச்சத்தைப் பொருட்படுத்தாமல் மூக்கால் மண்ணைக் கிளறிப் புழு தேடிக்கொண்டே என் செருப்பருகே வந்து, மோந்து, விலகிப் போயிற்று. ஒவ்வொரு பிரசவத்திலும் அச்சு அசலாக ஒரே மாதிரி நான்கு குட்டிகள் போடும் பிராணி அது.

அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. மவுண்ட் ஸ்காட்டைப் பற்றிக் கயோவா மக்கள் சொல்லும் கதைதான் மனதில் ஓடியது. பைசன்களைச் சுட்டு முடித்த காலத்தில், ஒருநாள் விடிகாலை ஓடைக்கரையில் நின்ற ஒரு பெண், மூடுபனிக்குள்ளிருந்து கடைசி மந்தை வருவதைப் பார்த்தாளாம். மந்தை நேராக மலையை நோக்கி நடந்தது. மலை திறந்துகொண்டது. உள்ளே பசுமையும் தெளிந்த நீரும், அவள் சிறுமியாக இருந்த காலத்து அழகோடு இருந்தன. மந்தை உள்ளே போக, மலை மூடிக்கொண்டது. பிறகு யாரும் அவற்றைப் பார்க்கவில்லை.

கதைக்கு வெளியே நடந்தது இதைவிடக் குரூரம். கோடிக்கணக்கில் இருந்த பைசன்கள் 1880களின் முடிவில் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன. தோலுக்கு நல்ல விலை, தொழிற்சாலை எந்திரங்களுக்கு அந்தத் தோலில் வார், சுமந்து போக ரயில். பைசன் ஒழிந்தால் அதை நம்பி வாழும் பழங்குடிகள் தாமாகவே பணிவார்கள் என்று ராணுவத் தலைகள் கணக்குப் போட்டதும் ரகசியமில்லை. கணக்கு பலித்தது. கமாஞ்சித் தலைவர் குவானா பார்க்கர் 1875இல் தன் கூட்டத்தோடு ஃபோர்ட் சில்லில் சரணடைந்தார். 1901இல் அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தையும் திறந்து, குலுக்கல் போட்டுக் குடியேறிகளுக்குக் கொடுத்தார்கள். உழ முடியாத இந்த மலைகளை மட்டும் அரசு காடென்று அறிவித்துக் கையில் வைத்துக்கொண்டது. 1905இல் தியோடர் ரூஸ்வெல்ட் அதை வேட்டை விலங்குகளுக்கான காப்பகமாக்கினார்.

பைசன்களை மீட்டதில் முக்கியமான பெயர் வில்லியம் ஹார்னடே. நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையின் இயக்குநர். இவருக்கு நம் பக்கம் ஒரு தொடர்பு உண்டு. 1870களில் அருங்காட்சியகங்களுக்கு மாதிரி சேகரிக்க வந்து, நம் ஆனைமலையில் யானையும் புலியும் சுட்டவர். 1886இல் மான்டானாவில் மிஞ்சியிருந்த பைசன்களில் சிலவற்றையும் அருங்காட்சியகத்துக்காகச் சுட்டார். பிறகுதான் மனம் மாறி, காக்கக் கிளம்பினார். அவரைப் புனிதராக்கிவிடவும் முடியாது. 1906இல் ஓட்டா பெங்கா என்ற காங்கோ மனிதரை அதே மிருகக்காட்சிசாலையில், குரங்குக் கூடத்தில், காட்சிக்கு வைத்தவரும் இவரே. அடுத்த ஆண்டு அதே இடத்திலிருந்து 15 பைசன்களை ரயிலேற்றி இங்கே அனுப்பினார். மனிதரைக் கூண்டுக்குள் விட்ட கையும் மாடுகளைக் கூண்டிலிருந்து விட்ட கையும் ஒன்று. இந்தக் கணக்கை எப்படித் தீர்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

1907 அக்டோபரில், ஏழு நாள் பயணத்துக்குப் பிறகு, கேஷ் என்ற சிற்றூரில் ரயில் நின்றது. இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். குவானா பார்க்கரும் கமாஞ்சிக் குடும்பங்களும் வந்து காத்திருந்தார்கள். கிழவர்கள் பைசனை வேட்டையாடி வளர்ந்தவர்கள், பேரப்பிள்ளைகளோ பைசனையே பார்த்திராதவர்கள். மரக்கூண்டு வண்டிகளில் ஏற்றி மலைக்குள் கொண்டுபோய் விட்டார்கள். மலைக்குள் போனவை மலைக்கே திரும்பி வந்தன. நிலம் மட்டும் திரும்பவில்லை. பைசனை மீட்ட கதையை அமெரிக்கர்கள் பெருமையோடு சொல்கிறார்கள், பெருமைப்படலாம். ஆனால் பாதிக் கதையில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதே என் குறை.

விடியும் முன்பு வந்தன. முதலில் கேட்டது புல்லைப் பறிக்கும் ஓசை, கர்ரக், கர்ரக் என்று, மிக அருகில். கூடார ஜிப்பை விரலளவு இறக்கினேன். சாம்பல் வெளிச்சத்தில், எங்கள் மேசைக்கு அந்தப்பக்கம், ஏழெட்டு பைசன்கள். ஒன்று ஓக் மரத்தில் கழுத்தைத் தேய்த்தது. மரம் முழுவதும் ஆடி, காய்ந்த இலைகள் கூடாரத்தின் மேல் விழுந்தன. எதிரே கூடாரம் போட்டிருந்தவர் காபிக் கோப்பையோடு அசையாமல் நின்றார். மந்தை மேய்ந்தபடியே ஏரிப்பக்கம் இறங்கிப் போகும்வரை அந்த மைதானத்தில் யாரும் பேசவில்லை. தேய்த்த மரப்பட்டையில் ஒரு கொத்துக் கம்பளி சிக்கியிருந்தது. வெளியே முரடு, அடியில் பூனைக்குட்டி ரோமம் போல மெத்து.

அந்தப் பதினைந்தின் வாரிசுகள் இன்று ஏறத்தாழ 650. அதற்கு மேல் விடுவதில்லை. தின்று கட்டுப்படுத்த ஓநாய் இல்லை, புல்லுக்கும் எல்லை உண்டு. ஆகவே இலையுதிர்காலத்தில் உபரியை ஓட்டிப் பிடித்து ஏலம் விடுகிறார்கள். காட்டு விலங்குக்கு ஏலமா என்று முகம் சுளிக்கலாம். வேலிக்குள் காடு வைத்தால் கணக்கும் வைத்துத்தான் ஆக வேண்டும்.

டாலஸ் பக்கம் இருப்பவர்கள், அங்கே பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர்கள், ஒரு வாரக் கடைசியை இதற்கு ஒதுக்குங்கள். ஏப்ரலும் அக்டோபரும் நல்லவை. கோடை வேண்டாம், பாறை கொதிக்கும், பைசன் காளைகளுக்கும் அப்போதுதான் இணைப்பருவமும் கோபமும். வறட்சிக் காலத்தில் விறகு எரிக்கத் தடை வரும், காஸ் அடுப்பு கைவசம் இருக்கட்டும். செல்ஃபிக்காகப் பைசனை நெருங்காதீர்கள், அது எந்த நேரமும் பாயலாம். இட்லிப் பொடியைக் காரிலேயே வைத்துப் பூட்டுங்கள்.