மெட்டல் இல்லாத கோயிலுக்கு ஒரு மெட்டல் ஆல்பம்

சென்னையிலிருந்து திருச்சிக்கோ கும்பகோணத்துக்கோ பஸ் ஏறியிருக்கீங்களா? அப்படின்னா நீங்க விக்கிரவாண்டியைப் பார்த்தாச்சு. பேருதான் ஞாபகம் இருக்காது. டோல்கேட்ல வண்டி நிற்கும்போது லேசா முழிப்பு வரும். மோட்டல்ல பத்து நிமிஷம், ஒரு டீ, கண்டக்டர் விசில். கும்பகோணம் வண்டி இடது பக்கம் பிரியும். அவ்வளவுதான், மறுபடி தூக்கம்! 2024-ல் இடைத்தேர்தலும் ஒரு கட்சி மாநாடும் நடந்தப்போ டி.வி.யில் இந்தப் பேரை நிமிஷத்துக்கு ஒரு தடவை சொன்னாங்க. அதுக்கப்புறம் பழையபடி டோல்கேட் ஊர்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே இறங்கிப் பாருங்க. கையில் ஒரு தண்ணி பாட்டில், காதுல ஹெட்போன், அதுல ஒரு ஆல்பம். 1998-ல் சிங்கப்பூர்ல வெளியான 'ருத்ரா'.

பேரைப் பார்த்துட்டு பக்திப் பாட்டு கேசட்டான்னு கேட்காதீங்க பாஸ்! இது டெத் மெட்டலும் த்ராஷும் கலந்த அடி. த்ராஷ்னா மெட்டாலிகா, ஸ்லேயர் மாதிரி வேகம். நிமிஷத்துக்கு 200 பீட் எல்லாம் சர்வசாதாரணம். டெத் மெட்டல்னா அடிவயித்திலிருந்து வர்ற உறுமல் குரல், கித்தார் கம்பியை இறக்கி ட்யூன் பண்ணின இருட்டுச் சத்தம். வீட்டுல ஸ்பீக்கர்ல போட்டா அம்மா ஃபியூஸைப் பிடுங்கிடுவாங்க.

ஆனா, பேண்டோட கதையைக் கேளுங்க. 1992-ல் சிங்கப்பூர்ல நம்ம வம்சாவளிப் பசங்க சேர்ந்து ஆரம்பிச்சது. குரலும் பேஸும் கதிர், டிரம்ஸ் சிவா. டெமோ போட்டு, நடுவில கலைஞ்சு, திரும்பச் சேர்ந்து, முதல் ஆல்பம் வர ஆறு வருஷம் ஆச்சு. மேற்கத்திய பேண்டுகள் சாத்தானையும் சுடுகாட்டையும் பாடிக்கிட்டிருந்தப்போ இவங்க உபநிஷத்துக் கேள்விகளை எடுத்துக்கிட்டாங்க. அந்த ஸ்டைலுக்கு 'வேதிக் மெட்டல்'னு அவங்களே பேரும் வெச்சாங்க. முதல் ஆல்பத்துல சவுண்டு கரடுமுரடுதான், இன்னிக்கு இருக்கிற பளபளப்பு கிடையாது. இருந்தாலும், இது வேற யாரோ இல்ல, இவங்கதான்னு சொல்ற கையெழுத்து அதுலயே விழுந்துடுச்சு. 2022-ல் வந்த 'எய்ட் மஹாவித்யாஸ்' இவங்களோட ஒன்பதாவது ஆல்பம். யூஜின் டைரியநாதன்னு ஒரு சிங்கப்பூர் இசைப் பேராசிரியர் இவங்களைப் பத்தி ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கார்.

சரி, சிங்கப்பூர் ஆல்பத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் மண்டகப்பட்டுல இருக்கு.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போற ரோட்டுல சுமார் 20 கிலோமீட்டர்ல வர்ற கிராமம் இது. வழியெல்லாம் கரும்பும் மல்லாட்டையும். (சென்னைக்காரங்களுக்கு: மல்லாட்டைன்னா வேர்க்கடலை!) ஊருக்குப் பக்கத்துல ஒரு பாறை. அதுல குடைஞ்ச ஒரு மண்டபம். முன்னாடி தடித் தடியா தூண்கள், ரெண்டு ஓரத்துலயும் வாட்டசாட்டமா வாயில்காவலர்கள், உள்ளே மூணு கருவறை. மூணும் இப்போ காலி. அலங்காரம்னு பெருசா எதுவும் இல்ல. மாமல்லபுரம் மாதிரி எதிர்பார்த்துப் போனா ஏமாந்துடுவீங்க.

ஆனா, அங்கே ஒரு கல்வெட்டு இருக்கு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்துல முதலாம் மகேந்திரவர்மன் வெட்டினது. செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம, பிரம்மா, சிவன், விஷ்ணு மூணு பேருக்கும் இந்தக் கோயிலை எடுத்தேன்னு அதுல சொல்றார். அதாவது, மெட்டல் இல்லாத கோயில்! (குடைஞ்ச உளி இரும்புதானே மகாராஜான்னு இன்ஜினீயரிங் மூளை கேட்குது. விடுங்க, கட்டடத்துல இல்லைங்கிறார்.) கல்வெட்டுல அவர் தனக்குப் போட்டுக்கிட்ட பட்டம் விசித்திரசித்தன். பேண்டுக்குப் பேர் தேடுறவங்க உடனே குறிச்சுக்குங்க.

பல்லவர்களோட முதல் குடைவரை இதுதான்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க. அப்போ இது அவங்க முதல் ஆல்பம். ஒரு நூறு வருஷம் கழிச்சு ராஜசிம்மன் மாமல்லபுரத்துல கடற்கரைக் கோயில் கட்டினார், இதே மாவட்டத்துல பனமலையில குன்று மேல இன்னொரு கோயில் கட்டினார். அதெல்லாம் சூப்பர் ஹிட். ஆரம்பம் இந்த மொட்டைப் பாறை. அந்தத் தூண்ல சாய்ஞ்சுக்கிட்டு 'ருத்ரா' கேட்டா, ரெண்டும் ஒரே மாதிரி முரட்டுத்தனம்னு தோணும்.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கு. கல்வெட்டு சமஸ்கிருதம். ருத்ராவோட பாட்டுகளும் பெரும்பாலும் இங்கிலீஷ், சமஸ்கிருதம். ரெண்டு இடத்துலயும் நம்ம ஆளுங்க, ரெண்டு இடத்துலயும் தமிழ் இல்ல. இது எனக்குக் கொஞ்சம் உறுத்துச்சு. பக்கத்துல பெங்களூர்ல 'த்வேஷா'ன்னு ஒரு டெத் மெட்டல் பேண்டு, 2014-ல் வந்த 'ஸ்தூபா' ஆல்பத்துல கன்னடத்துலயே உறுமியிருக்காங்க. க, ச, ட, த, ப, றன்னு வல்லினத்துக்கே தனி வரிசை வெச்சிருக்கிற மொழி, உறுமுறதுக்கு யோசிக்கலாமா?

அப்புறம், சரக்குக்கும் இங்கே பஞ்சமே இல்ல. இது தெருக்கூத்து மண். திரௌபதி அம்மன் திருவிழாவுல ராத்திரி பூரா பாரதக் கூத்து நடக்கும். கடைசியில துரியோதனன் படுகளம். மண்ணாலேயே ராட்சச உருவம் செஞ்சு தரையில படுக்க வெச்சு, பீமன் வேஷக்காரர் அவன் தொடையை அடிச்சுப் பிளப்பார். இதைவிட டெத் மெட்டல் அட்டைப்படம் யார் போட முடியும்? ருத்ரா 2003-ல் 'குருக்ஷேத்ரா'ன்னு ஆல்பம் போட்டாங்க. நம்ம கிராமங்கள்ல அந்தப் போர் வருஷா வருஷம் நடக்குது!

இதையெல்லாம் நான் சும்மா சொல்லல. எங்க ஹாஸ்டல்ல ஒரு பேண்டு இருக்கு. நாலு பேர். சொந்தமா மூணு பாட்டு, செல்போன்ல மட்டும். ரெண்டு பேருக்கு வேலை கிடைச்சாச்சு. மே மாசம் ஒருத்தன் ஓசூர், ஒருத்தன் ஓ.எம்.ஆர். "நல்ல ஸ்டுடியோ கிடைச்சா ரெக்கார்டு பண்ணலாம்டா"ன்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டிருக்காங்க. அவங்களை ரெண்டு பைக்ல மண்டகப்பட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். கல்வெட்டோட அர்த்தத்தைச் சொன்னதும் கித்தார்க்காரன் விரலை மடக்க ஆரம்பிச்சான்: "ஸ்டுடியோ இல்ல, டிரம் செட் இல்ல, ஆம்ப் இல்ல, காசு இல்ல. நாலு வந்துருச்சுடா!" எல்லாரும் சிரிச்சோம். பாடகன் மட்டும் சிரிக்கல. அவன் செஞ்சி பக்கம். "எங்க தாத்தா கூத்துல மைக் இல்லாம விடிய விடியப் பாடுவார்டா. நான் எதுக்கு ஸ்டுடியோ கேட்டுக்கிட்டிருக்கேன்?"னான். திரும்பி வர்ற வழியெல்லாம் அவன் பேசவே இல்ல.

போன வாரம் ரூம்ல கட்டில் மெத்தைகளைச் சுவர்ல சாய்ச்சு வெச்சு, டிரம்ஸை லேப்டாப்ல புரோகிராம் பண்ணி, ஒரு பாட்டை முடிச்சிருக்காங்க. வார்டன் ரெண்டு தடவை கதவைத் தட்டினார். அந்தத் தட்டல் ஒண்ணு ரெக்கார்டுல விழுந்திருக்கு. எடுக்க மாட்டாங்களாம். இன்னும் ரெண்டு பாட்டு பாக்கி. மே மாசத்துக்கு அதிக நாள் இல்ல.

நீங்க போகணும்னா: விக்கிரவாண்டியில இறங்கி விழுப்புரம் வந்து, செஞ்சி பஸ் ஏறி, மண்டகப்பட்டுன்னு சொல்லி டிக்கெட் எடுங்க. வெயிலுக்கு முன்னாடி காலையிலேயே போயிடுங்க. தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கிற இடம், அதனால தூண்ல உங்க பேரையும் அவங்க பேரையும் செதுக்காதீங்க. அங்கே ஏற்கெனவே ஒருத்தர் செதுக்கிட்டார். அது போதும்!