இங்கே நான் அமைதியானவளாம்

டார்ட்மண்ட்,
16.11.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. நேற்று ராத்திரிதான் வீடியோவில் உன் முழங்கால் வலியில் தொடங்கி வெண்டைக்காய் விலை வரை பேசி முடித்தோம். ஆனாலும் வைக்கும்முன் நீ ஒன்று கேட்டாய். "ஏட்டி, வாயாடி வாயாடின்னு ஊரே உன்னைச் சொல்லும். இப்போ என்ன, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுத?" குளிரில் வாய் உறைந்துபோச்சு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அது பொய். அதனால்தான் இந்தக் காகிதம்.

மணி நாலரை. வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. உனக்கு அங்கே ஒன்பது ஆகியிருக்கும், அத்தான் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் ஒன்று சொல், நாள் முழுக்கச் சிரிப்பார். கீழ்வீட்டு ஆச்சி எதிர்வீட்டுக்காரரிடம் என்னைப் பற்றி என்ன சொன்னாராம் தெரியுமா? "மேலே இருக்கும் அந்தப் பெண் ரொம்ப அமைதியானவள்."

அமைதியெல்லாம் ஒன்றுமில்லை, மொழி வரவில்லை, அவ்வளவுதான். 600 மணி நேரம் ஜெர்மன் மொழி வகுப்பு, 100 மணி நேரம் இந்த நாட்டுச் சட்டமும் வரலாறும் என்று உட்கார்ந்து படித்தேன். பரீட்சையில் 33 கேள்வி, 15 சரியாக இருந்தால் போதும், எனக்கு 30. ஆனால் ரொட்டிக்கடையில் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆணா, பெண்ணா, இரண்டும் இல்லையா என்று தெரிந்தால்தான் வாயைத் திறக்க முடியும். கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. சிறுமி என்பதற்கான சொல்லும் கத்தியோடு சேர்த்திதான். யார் வைத்த கணக்கோ. நான் இதையெல்லாம் மனசுக்குள் அடுக்கி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். சிரிப்புக் காட்ட முடியாது, எதிர்த்துச் சண்டை போடவும் முடியாது. தலையை ஆட்டிப் புன்னகைக்கிறவளை வேறென்ன சொல்வார்கள்?

வந்த புதிதில் நடந்ததை உன்னிடம் சொன்னதில்லை. ஒரு காகிதத்துக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஏதோ கேட்டார், எனக்குப் புரியவில்லை. அதையே இன்னும் சத்தமாகக் கேட்டார். பிறகு இன்னும் சத்தமாக, சொல் சொல்லாக எடுத்து மேசைமேல் வைப்பது மாதிரி, காது கேட்காத ஒருத்தியிடம் பேசுவது மாதிரி. பின்னால் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். நான் இளித்தேன், அக்கா. அவரை மன்னித்துவிட்டேன், அந்த இளிப்பைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

டிராம் ஏறி உட்கார்ந்து அழுதேன். அழும்போது அந்த ஆள் ஞாபகத்தில் இல்லை. 2019-ல் நம் வீட்டுக்கு டைல்ஸ் ஒட்ட வந்த பீகார் பையன்தான் வந்தான். அவன் "பானி" என்று மெதுவாகக் கேட்டதும், நான் "தண்ணியா? த...ண்...ணி!" என்று தெருமுனை வரை கேட்கிற மாதிரிக் கத்தினேன். எல்லோரும் சிரித்தீர்கள். அவனும் சிரித்தான். "பாவம், ஒண்ணும் தெரியாத பையன்" என்று அன்றைக்கு உன்னிடம் சொன்னது நான்தான். அவன் ஊரில் அவன் எப்பேர்ப்பட்ட வாயாடியோ!

என் தைரியம், என் கலகலப்பு என்று நான் பீற்றிக்கொண்டதில் பாதி என்னுடையதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அது பாளையங்கோட்டையுடையது. காய்க்காரரிலிருந்து பஸ் கண்டக்டர் வரை நான் பெரிய வாத்தியார் மகள். பாதி வாக்கியம் சொன்னால் போதும், மீதியை அவர்களே புரிந்துகொள்வார்கள். தெரு தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்ததை என் கால் என்று நினைத்திருந்தேன்.

இந்த மொழியில் எனக்குச் சொந்த வீடு மாதிரி ஒரே ஓர் இடம் உண்டு. இவர்கள் வாக்கியத்துக்குள் ஒரு வாக்கியம் வைத்தால் உள்ளே இருப்பதன் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும், நம்மைப் போலவே. வகுப்பில் அரபு பேசுகிறவர்களும் ஸ்பானிஷ் பேசுகிறவர்களும் தலையைப் பிய்த்துக்கொண்டபோது நான் மட்டும் தெம்பாக இருந்தேன். "சாப்பிடலையா?" என்றால் "ஏன் சாப்பிடாம?" என்போமே, அந்த "ஏன்... ஆம"வுக்குக்கூட இவர்களிடம் "டொஹ்" என்று ஒற்றைச் சொல் இருக்கிறது. அதைக் கற்றுக்கொண்ட அன்று எனக்குப் பாதி ஊர் திரும்பி வந்தது மாதிரி இருந்தது.

ஆனால் வினை கடைசியில் வந்தால் கடைசி வரை கேட்டாக வேண்டும். போனாரா, போகவில்லையா, போக நினைத்தாரா என்பது அங்கேதான் தெரியும். நம் மொழியிலும் அப்படித்தான், நம் வீட்டில் யார் கேட்டோம்? எதிராளி எழுவாயை எடுத்ததுமே பயனிலையை நான் போட்டுவிடுவேன்.

இங்கே வேறு வழியில்லாமல் கேட்கப் பழகினேன். கீழ்வீட்டு ஆச்சிக்கு 83 வயது. பிறந்தநாளுக்கு முந்தின நாளே வாழ்த்துச் சொல்லி அவரைப் பதறவைத்தவள் நான். முன்கூட்டிச் சொன்னால் இங்கே ஆகாதாம். அவர் ஒருநாள் தன் கதையைச் சொன்னார். பிறந்தது சிலேசியாவில், அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. போர் முடிந்ததும் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் ஜெர்மானியர்கள் ஓடியோ விரட்டப்பட்டோ வந்தார்களே, அந்தக் கூட்டத்தில் அம்மா இடுப்பில் வந்த குழந்தை இவர். இங்கேயும் பேசுவது அதே ஜெர்மன்தான். ஆனாலும் அம்மாவின் உச்சரிப்பைக் கேட்டுக் கடையில் சிரித்தார்களாம். கடைசிவரை அம்மா கடையில் விரலைக் காட்டித்தான் சாமான் வாங்கினாராம். சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் பேசியது நாலு வார்த்தை இருக்கும். கிளம்பும்போது, உன்னோடு பேசினால் நன்றாக இருக்கிறது என்றார்.

எல்லாம் பழகிவிட்டது என்று நினைக்காதே. ராத்திரி ஆறு மணிக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்து அதைச் சாப்பாடு என்கிறார்கள். என் கணக்கில் அது சாப்பாடு இல்லை, சாகும்வரை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சரி. காலி பாட்டிலைத் தெருத் தொட்டியில் போடவும் கூடாது, சத்தம் கேட்குமாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹாம் ஊரில் காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறதே, ஈழத்துத் தமிழர்கள் கட்டியது, 2002-ல் குடமுழுக்கு ஆனது. தொழிற்சாலைகளுக்கு நடுவில் 17 மீட்டர் கோபுரம் நிற்கும். தேருக்குப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. மூன்று வருஷத்துப் பேச்சையும் அவரிடம் கொட்டினேன். நெல்லையப்பர் தேர், உன் கல்யாணம், அம்மாவின் கடைசி நாட்கள், எதையும் விடவில்லை. வாய் வலித்தது, அவ்வளவு சந்தோஷம். திரும்பி வரும் ரயிலில் யோசித்தேன்: அவர் எந்த வருஷம் வந்தார், யாரை விட்டுவிட்டு வந்தார், பிள்ளைகள் உண்டா? ஒன்றும் தெரியாது. நான் கேட்கவே இல்லை. தமிழ் கிடைத்ததும் பழையவள் திரும்பி வந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் உன் நினைப்பு வந்தது. 2022 ஆகஸ்டில் நான் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தோம். அம்மா போய் ஐந்து மாதம். "நீயும் போயிட்டேன்னா நான்..." என்று ஆரம்பித்தாய். "அதான் வாட்ஸ்அப் இருக்கே" என்று நான் குறுக்கே விழுந்து, பெட்டி எடை, ஊறுகாய்ப் பாட்டில் என்று எதையெதையோ பேசிக்கொண்டே போனேன். நீ பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டாய்.

அந்த வாக்கியத்தின் வினை எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதை முடித்து எழுது, அக்கா. போனில் வேண்டாம், போனில் நான் இப்போதும் நடுவில் பேசிவிடுவேன். எத்தனை பக்கம் ஆனாலும் சரி, எழுதி அத்தானிடம் கொடு. தபாலாபீஸில் சேர்த்துவிடுவார். முகவரி உறையின் பின்பக்கம் இருக்கிறது.

உன் தங்கச்சி